தாத்தா வேலை பார்த்த ஆறு

பிற்பகல் நிகழ்ச்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வெளியே மழை கொட்டும். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு தகவல் வந்து விழும்: இன்ன சாலைக் கால்வாயில் நீர்மட்டம் 90 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். பாட்டின் ஒலியைக் குறைத்து அதை வாசித்துவிட்டு, மீண்டும் பாட்டுக்குப் போய்விடுவேன். பத்து ஆண்டுகளாக இப்படித்தான் வாசித்து வருகிறேன்.

சென்ற மாதம் ஒரு மழை நாளில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மாவின் கைப்பேசியிலிருந்து அழைத்தாள். பாட்டு கேட்பாள் என்று நினைத்தேன்.

“அக்கா, 90 விழுக்காடுன்னு சொன்னீங்களே, எதுல 90? யாரு போய் அளக்குறாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன் கண்ணு” என்று சமாளித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கேள்விக்கு விடை தெரியாதது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதே இல்லை.

என் தாத்தா கால்வாய்த் துப்புரவுத் தொழிலாளி. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து 1950களில் கப்பலேறி வந்து, நகராண்மைக் கழகத்தில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். 1972ல் சுற்றுச்சூழல் அமைச்சு உருவானபோது அதன் கீழ் வந்தார். ஓய்வு பெறும்வரை ‘லோங்காங்’ வாரினார். தொடக்கப்பள்ளியில் ‘என் தாத்தா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘தாத்தா அரசாங்க வேலையில் இருந்தார்’ என்று எழுதினேன். அம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதியை அது மூடி வைத்தது.

அந்த வார விடுமுறை நாளில் காலாங் ஆற்றோடு நடப்பது என்று முடிவு செய்தேன். சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு அது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கிக் காலாங் முகத்துவாரம் வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர். தாத்தா வேலை பார்த்ததும் அதன் கரைகளில்தான்.

பீஷானில் வளைந்த ஆறு

காலை ஏழு மணிக்குப் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இருந்தேன். தை ச்சி ஆடும் முதியவர்கள், நாயோடு ஓடும் இளைஞர்கள், தண்ணீரில் கால் நனைக்கும் பிள்ளைகள். இது முன்பு நேர்க்கோடாகப் போன ஒரு சிமெண்டுக் கால்வாய் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

2.7 கிலோமீட்டர் நீளமிருந்த அந்தக் கால்வாயை உடைத்து, ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து செய்த வேலை. 2012ல் திறக்கப்பட்டது. கரை சரியாமல் இருக்கச் சுவர் எழுப்பாமல், செடிகளின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்படி நட்டார்கள். உடைத்த சிமெண்டுப் பாளங்களையும் வெளியே கொண்டு கொட்டவில்லை. அவற்றைக் குவித்துப் பூங்காவிலேயே ஒரு சிறு மேடு ஆக்கிவிட்டார்கள். அந்த மேட்டில் ஏறி நின்று பார்த்தேன்.

கால்வாய் நேராகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும். ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வேகமாக வந்தால், கீழே இருக்கும் இடம் தாங்காது. பீஷானில் ஆறு வளைவதால் தண்ணீர் நிதானமாகிறது. பெருமழையில் ஆறு கரையேறிப் புல்வெளியில் பரவும். நாம் பட்டம் விடும் இடமே அப்போது ஆறு. அதனால்தான் அங்கே எச்சரிக்கை ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் மிதவை வளையங்களும் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை ஒலித்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கும் பாதி விடை இங்கே கிடைத்தது. தீவெங்கும் கால்வாய்களில் 200க்கும் மேற்பட்ட நீர்மட்ட உணர்கருவிகள் உள்ளன. கால்வாயின் ஆழத்தில் முக்கால் பங்குக்குக் கீழே தண்ணீர் இருந்தால் பச்சை. 75லிருந்து 90 விழுக்காடு வரை மஞ்சள். அதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பாகும்போதுதான் என் திரைக்குத் தகவல் வருகிறது.

அப்படியானால் கருவிதான் அளக்கிறது. ஆனால் கால்வாயில் இலையும் சேறும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால், கருவி சொல்லத்தான் சொல்லும். எடுத்துப்போட ஆள் வேண்டும்.

இரண்டு வழிகள்

பீஷானைத் தாண்டியதும் ஆறு மறுபடியும் சிமெண்டுக் கால்வாய் ஆகிவிடுகிறது. பிராடல் சாலையைக் கடந்து தோ பாயோ பக்கம் வருகையில், இருபுறச் சுவர்களிலும் சதுரமான ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாலையோர வடிகால்கள் வந்து கலக்கும் இடங்கள் அவை.

நம் வீடுகளில் இன்னும் பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. தாத்தாவின் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், லோங்காங். ஆனால் சிங்கப்பூரில் தண்ணீர் போக இரண்டு தனித்தனி வழிகள் உள்ளன.

கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டியில் போகும் நீர் நிலத்தடிக் குழாய்களில் இறங்குகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழத்தில் ஒரு சுரங்கம் இருக்கிறது. 2008ல் அது தயாரானது. சரிவாக அமைந்திருப்பதால் நீர் தானாகவே சாங்கி நிலையத்துக்கு ஓடுகிறது. அங்கே சுத்திகரிக்கப்படும் நீரின் ஒரு பகுதிதான் மேலும் நுண்வடிகட்டலுக்கு உட்பட்டு, நியூவாட்டர் எனும் புதுநீராகத் திரும்பி வருகிறது. இதைக் கழிவுநீர் என்று கழகம் சொல்வதில்லை, ‘பயன்படுத்தப்பட்ட நீர்’ என்றுதான் சொல்கிறது. முதலில் கேட்டபோது விளம்பர வார்த்தை என்று சிரித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மழைநீர் போவது இன்னொரு வழி. புளோக் அடியில், சாலை ஓரத்தில் நாம் பார்க்கும் திறந்த வடிகால்கள் அதற்குத்தான். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீர் சேகரிக்கும் பகுதி. ஆகவே கார் நிறுத்துமிடத்து வடிகாலில் ஒருவர் சிகரெட் துண்டைப் போட்டால், அது சாங்கிக்குப் போகாது. காலாங் ஆற்றுக்கு வந்து, மரீனா நீர்த்தேக்கத்தில் சேரும். அது நாம் குடிக்கும் நீர்.

பொத்தோங் பாசிரில் அம்மா

பத்து மணிக்குப் பொத்தோங் பாசிர் எம்ஆர்டி நிலையத்தில் அம்மா காத்திருந்தார். “வெயில்ல கால்வாயைப் பார்க்கக் கூப்பிடுற ஒரே பொண்ணு நீதான்” என்று குறைபட்டுக்கொண்டே வந்தார். கையில் குடை, பையில் தண்ணீர் போத்தல்.

பொத்தோங் பாசிர் என்றால் மலாயில் ‘மணல் வெட்டு’. முன்பு மணல் எடுத்த இடம், பிறகு காய்கறித் தோட்டங்கள். தாழ்வான நிலம் என்பதால் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும். இன்று சாய்ந்த கூரை வைத்த வீவக புளோக்குகள் நிற்கும் இடத்தில் கீரைப்பாத்திகள் மிதந்ததை அம்மா பார்த்திருக்கிறார்.

கரையோரப் பாதையில் நடக்கும்போது நான் கேட்காமலேயே பேசத் தொடங்கினார்.

“அந்த டிசம்பர் மழையப்போ எனக்குப் பதினெட்டு வயசு. நாங்க தோ பாயோ லோரோங் 8ல இருந்தோம். விடிய விடிய மழை. அப்பா ராத்திரி போனவரு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. வாசல்லயே உட்கார்ந்துட்டாரு. கால் ரெண்டும் வெளுத்து ஊறிப்போய் இருந்துச்சு. அம்மா வெந்நீர் வச்சு ஊத்துனாங்க. ஒண்ணுமே பேசல.”

அது 1978, டிசம்பர் 2. அன்று ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பதிவானது. சிங்கப்பூரில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். 1970களில் வெள்ள அபாயம் உள்ள பகுதிகள் சுமார் 3,200 ஹெக்டர். இப்போது 30 ஹெக்டருக்கும் குறைவு. இடையில் எத்தனையோ கால்வாய்கள் அகலமாக்கப்பட்டன, புதிதாக வெட்டப்பட்டன. தாத்தாவின் வெளுத்த கால்களும் அந்த எண்ணிக்கைக்குள் எங்கோ இருக்கின்றன.

“இதை ஏன்மா இவ்வளவு நாளா சொல்லல?”

“சொல்லி? உன்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட லோங்காங் வாருன வீடுன்னு சொல்லச் சொல்றியா?”

எனக்குக் கோபம் வரவில்லை. கட்டுரையில் அந்த வாக்கியத்தை எழுதியது நான்தானே.

“அக்கா, நீங்க ரேடியோவுல…”

இன்னும் சிறிது தூரம் போனதும், பெரிய கால்வாயில் வந்து சேரும் ஒரு கிளை வடிகாலில் இரண்டு தொழிலாளர்கள் நின்றிருந்தார்கள். இடுப்பில் பாதுகாப்பு வார், முழங்கால் வரை காலணி. ஒருவர் சேற்றை மண்வெட்டியால் அள்ளிக் கொடுக்க, மேலே இருந்தவர் மூட்டையில் கட்டினார். வாழைப்பழத் தோல், டிஸ்யூ பொட்டலம், குமிழித் தேநீர்க் குவளை ஒன்று, மற்றதெல்லாம் இலை.

தமிழில் பேசிக்கொண்டார்கள். “எந்த ஊர் தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“புதுக்கோட்டைப் பக்கம்மா.”

நான் இலைகளைப் பற்றிக் கேட்டேன். ஓர் இலை ஓரிடத்தில் நின்றால் அதன் பின்னால் பத்து இலை நிற்கும், அப்புறம் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் கொசு என்றார் இளைஞர். கொசு வந்தால் டெங்கி. மழைக்கு முன்பு அடைப்பை எடுக்காவிட்டால் மேலே சாலைக்குத் தண்ணீர் ஏறிவிடும். மழை தூறினாலே அவர்கள் மேலே ஏறிவிட வேண்டும். மேற்பார்வையாளர் மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மேட்டில் பெய்யும் மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே வந்து சேர்ந்துவிடுமாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “அக்கா, நீங்க ரேடியோவுல பேசுறவங்கதானே? குரலை வச்சே தெரியுது. தங்கும் விடுதியில சமைக்கும்போது கேட்போம்.”

எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. “உங்க பேரைச் சொல்லி நாளைக்கு ஒரு பாட்டுப் போடவா?” என்றேன்.

அவர் சட்டென்று கையசைத்தார். “பேரைச் சொன்னாலும் வேலையைச் சொல்லிடாதீங்க அக்கா. ஊர்ல கட்டட வேலைன்னுதான் சொல்லியிருக்கேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அம்மா குடையைக் கைமாற்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

“எங்க அப்பாவும் இதே வேலைதான் தம்பி. இதே ஆத்துலதான். முப்பது வருஷம்.”

அறுபது வயதைத் தாண்டிய என் அம்மா அதை வெளியாளிடம் சொன்னது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. அந்த இளைஞர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அப்படியாம்மா?” என்று சிரித்தார். அம்மா பையிலிருந்த தண்ணீர் போத்தலை எடுத்து மேலே நின்றவரிடம் கொடுத்தார். பிறகு நாங்கள் நடந்தோம். அம்மா நெடுநேரம் பேசவில்லை.

குளமும் கோயிலும்

அடுத்து கோலாம் ஆயர் வட்டாரம். மலாயில் ‘கோலாம்’ என்றால் குளம். நம் ‘குளம்’தான் அப்படிப் போய்த் தங்கியிருக்கிறது. கால்வாயோரம் இருக்கைகளும் மரப்பலகைத் தளமும் போட்டிருக்கிறார்கள். அம்மா அங்கே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இங்கே யாரும் உட்கார்ந்திருக்க முடியாது என்றார். நாற்றம். காலாங் படுகைக்கு நீர் வரும் பகுதிகளில் நூற்றுக்கணக்கான பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இருந்தன. சாக்கடைக் குழாய் இல்லாத குடியிருப்புகள், தெருவோரக் கடைகள், பட்டறைகள், எல்லாவற்றின் கழிவும் ஆற்றுக்குத்தான். வாளிக் கழிப்பறைகள் முற்றாக ஒழிந்ததே 1987ல்தான். 1977ல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தே ஆண்டில் சுத்தப்படுத்த வேண்டும் என்றார். 1987ல் அது நடந்தது. அதற்காக வீட்டையும் பண்ணையையும் கடையையும் விட்டுப் போனவர்கள் ஏராளம். உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளியவர்களில் தாத்தாவும் ஒருவர். அந்தச் சுத்திகரிப்புத்தான் அவருடைய கடைசி வேலை.

காலாங் சாலையில் ஸ்ரீ மன்மத காருணீஸ்வரர் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டோம். பக்கத்தில் இருந்த காலாங் எரிவாயு ஆலையில் வேலை பார்த்த தமிழர்கள் வழிபட்ட இடம். ஆலை போய்விட்டது, கோயில் இருக்கிறது. இந்த நகரத்தின் தண்ணீர் வழிகளைத் தேடிப் போனால் இப்படி நம்மவர்கள் எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘டோபி காட்’ என்ற பெயரே அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. அந்த ஓடைதான் இன்று ஆர்ச்சர்ட் சாலைக்கு அடியில் ஓடும் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். 2010ல் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, தாவரவியல் பூங்காவின் ஒரு பகுதிக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். பெருமழையில் 38,000 கனமீட்டர் நீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்டதும் மீண்டும் கால்வாய்க்கு விடுவார்கள்.

மரீனா அணைக்கட்டில்

மாலையில் வாடகை வண்டி பிடித்து மரீனா அணைக்கட்டுக்குப் போனோம். பச்சைக் கூரையில் குடும்பங்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தன. ஒருபக்கம் கடல், கப்பல்கள். மறுபக்கம் நீர்த்தேக்கம். காலாங், சிங்கப்பூர், கேலாங், ரோச்சோர் ஆறுகளின் நீர் எல்லாம் வந்து சேரும் இடம். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இங்கேதான் வருகிறது.

350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே 2008ல் கட்டிய அணை இது. ஒன்பது மதகுகள். பெருமழை பெய்து, கடலில் நீர் வற்றியிருந்தால் மதகைத் தாழ்த்தி மிகுதி நீரைக் கடலுக்கு விட்டுவிடலாம். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது மதகைத் திறந்தால் உப்புநீர் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பெரிய நீர் இறைப்பிகள் வேலை செய்யும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கனமீட்டர் நீரைக் கடலுக்குத் தள்ளும். ஏழும் ஓடினால் ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம் பத்து நொடிக்குள் காலியாகிவிடும்.

இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா வாருன லோங்காங் தண்ணியும் இதுலதான் வருதா?”

“ஆமாம்மா.”

“இதைத்தான் நாம குடிக்கிறோமா?”

“சுத்தம் செஞ்சு, ஆமாம்மா.”

“அவரு கைபட்ட தண்ணியைக் குடிக்க மாட்டோம்னு சொன்ன வீடு ஒண்ணு இருந்துச்சு” என்றார் அம்மா. யார் வீடு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்களும் குடும்பத்தோடு போய் வரலாம். காலையில் பீஷான் நிலையத்தில் இறங்கி நடந்தால் பூங்கா வந்துவிடும். மரீனா அணைக்கட்டுக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் நிலையம் பக்கம். முழு ஆற்றையும் ஒரே நாளில் நடக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் செருப்பைவிடக் காலணி நல்லது. மேகம் கறுத்தால் ஆற்றங்கரையை விட்டு மேலே வந்துவிடுங்கள். வழியில் வடிகாலில் யாராவது வேலை பார்த்துக்கொண்டிருந்தால், நின்று ஒரு வார்த்தை பேசுங்கள்.

மறுவாரம் அந்தச் சிறுமி மறக்காமல் அழைத்தாள். கருவிகளைப் பற்றிச் சொன்னேன். பச்சை, மஞ்சள், சிவப்பு சொன்னேன். கருவி அளக்கும், ஆனால் அடைப்பை எடுப்பது மனிதர்கள் என்றேன். “என் தாத்தா அந்த வேலைதான் பார்த்தாரு” என்று ஒலிவாங்கி முன்னால் சொன்னபோது, குரல் கொஞ்சம் இறங்கியது. அம்மா வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியும். புதுக்கோட்டைத் தம்பிக்காக ஒரு பாட்டும் வைத்திருந்தேன். அவர் கேட்டுக்கொண்டபடி வேலையைச் சொல்லவில்லை, பேரையும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் பார்த்த தம்பிக்கு என்று மட்டும் சொன்னேன்.

சிறுமிக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

“அக்கா, மழை பெஞ்சா அந்த அண்ணனுங்க எங்க நிப்பாங்க?”

“மேல ஏறி நிப்பாங்க கண்ணு. மழை விட்டதும் மறுபடி இறங்குவாங்க.”